யாருக்கெல்லாம் சொல்ல வேண்டும்

கல்யாணத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும், சாவுக்குத் தகவல் சொன்னால் போதும். திருக்கோவிலூர்ப் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த முறை. அழைப்பு வராத கல்யாணத்தை மறந்துவிடுகிறவர்கள்கூடச் சாவு சொல்லாத வீட்டை மறப்பதில்லை. "எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே" என்ற குறையைச் சுமந்துகொண்டே முப்பது வருடம் பேசாமல் இருந்த பங்காளிகளை எனக்குத் தெரியும். பேச்சுவார்த்தை அறுந்துபோன வீடாக இருந்தாலும் சொல்லிவிட வேண்டும். வருவதும் வராததும் அவர்கள் பாடு.

யாருக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்ற பட்டியலை யாரும் எழுதி வைத்ததில்லை. தொலைபேசி இல்லாத காலத்தில் இழவு சொல்ல ஊர் ஊராக நடந்தவர்கள், சைக்கிள் மிதித்தவர்கள் சேரியைச் சேர்ந்தவர்கள். அவர்கள் விரும்பி எடுத்துக்கொண்ட வேலை அல்ல அது, சாதி அவர்கள் தலையில் வைத்தது. எந்தப் பெண்ணை எந்த ஊரில் கொடுத்திருக்கிறார்கள், தாய்மாமன் வீடு எது, முதலில் எங்கே சொல்லவேண்டும், எந்த வீட்டில் திண்ணைக்கு இப்பால் நின்று சொல்லவேண்டும் என்பதுவரை நிலம் வைத்திருந்த குடும்பங்களின் உறவு வரைபடம் மொத்தமும் அவர்கள் நினைவில் இருந்தது. அதற்குக் கிடைத்தது கொஞ்சம் நெல், கொஞ்சம் சில்லறை. அதை அறிவு என்று யாரும் சொன்னதில்லை. அந்த ஏற்பாடு ஒழிந்ததற்கு வருத்தப்பட ஒன்றுமில்லை. நான் கவனிப்பது ஒரு விஷயத்தை மட்டும்: அந்தப் பட்டியல் இறந்தவரின் வீட்டுக்குள் இருக்கவில்லை. செத்தவரோடு சேர்ந்து அது செத்துப்போகவும் முடியாது.

இன்று அது ஒரு மனிதரின் கைபேசிக்குள், கடவுச்சொல்லுக்குப் பின்னால் இருக்கிறது. அல்லது ஒரு பழைய கம்ப்யூட்டருக்குள்.

எனக்குப் பத்தாம் வகுப்பில் தமிழ் நடத்திய ஐயா போன வருடம் இறந்துபோனார். ஓய்வு பெற்ற பிறகு கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டவர். இ-கலப்பையில் தமிழ் தட்டி, தண்டர்பேர்ட் மென்பொருளில் மின்னஞ்சல் அனுப்புவார். சிங்கப்பூரிலும் துபாயிலும் நியூ ஜெர்சியிலும் இருந்த பழைய மாணவர்கள், கல்வெட்டு படிக்கிறவர்கள், சிறுபத்திரிகைக்காரர்கள் என்று தினமும் நாலைந்து பேருக்காவது எழுதுவார். பக்கத்து ஜம்பையில் 1981-இல் கண்டெடுத்த அதியமான் நெடுமான் அஞ்சியின் தமிழி எழுத்துக் கல்வெட்டைப் பற்றி மட்டும் பல வருடம் எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன். கைபேசி விஷயத்தில் பட்டன் போனைத் தாண்டவில்லை. அதில் உறவினர்கள், பால்காரர், கேஸ்காரர். மற்றவர்கள் எல்லோரும் அந்தக் கம்ப்யூட்டரில்தான்.

அதன் ஹார்ட் டிஸ்க் செத்துக்கொண்டிருந்தது. போட்டால் டிக் டிக் என்று சத்தம் வரும், பிறகு நீலத்திரை. ஐயாவின் மனைவி எனக்குப் போன் செய்தார். "தம்பி, பதினாறாம் நாள் காரியத்துக்குள்ள அவங்களுக்கெல்லாம் சொல்லணும். பேரு விலாசம் எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு."

செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்கைத் திறந்து பார்க்க ஆசைப்படக் கூடாது. ஒவ்வொரு தடவை சுழலும்போதும் மிச்சமிருப்பதில் கொஞ்சம் போகலாம். முதல் வேலை, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே மொத்தத்தையும் வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுப்பது. டிடிரெஸ்க்யூ என்றொரு இலவச நிரல் இதற்கென்றே இருக்கிறது. நல்ல பகுதிகளை முதலில் வேகமாக எடுத்துக்கொள்ளும். கெட்ட இடம் வந்தால் முட்டிக்கொண்டு நிற்காமல் தாண்டிப் போய்விடும், கடைசியில்தான் அங்கே திரும்பி வந்து துண்டு துண்டாக முயலும். எதுவரை எடுத்தது, எது பாக்கி என்று தனியே ஒரு கணக்கும் எழுதிக்கொண்டே வரும். இரண்டு ராத்திரி ஓடியது. நடுவில் இரண்டு முறை கரண்ட் போனது, அந்தக் கணக்குக் கோப்பு இருந்ததால் விட்ட இடத்திலிருந்து தொடர முடிந்தது.

நகலில் முகவரிக் கோப்புகள் இரண்டு முழுசாகக் கிடைத்தன. ஒன்று ஐயா தன் கையால் சேர்த்த முகவரிகள். இன்னொன்று தண்டர்பேர்ட் தானாகச் சேர்த்தது. நாம் யாருக்காவது ஒரு முறை எழுதினால் போதும், கேட்காமலே அந்த முகவரியை அது குறித்துக்கொள்ளும். அந்தக் காலத்துத் தண்டர்பேர்ட் இவற்றை மோர்க் என்ற வடிவத்தில் எழுதி வைத்தது. படிக்கிறவர் கண்ணைக் கெடுக்கும் வடிவம் அது. தமிழ்ப் பெயர் என்றால் டாலர் குறியும் இரண்டிரண்டு குறியீடுகளுமாக நீளும், 'அ' என்ற ஓர் எழுத்துக்கே மூன்று ஜோடி. 2020-இல் வந்த 78-ஆம் பதிப்பில்தான் இதைக் கைவிட்டார்கள்.

மோர்க்குக்கு இன்னொரு குணம் உண்டு. மாற்றங்களைப் பழையதன் மேல் எழுதாமல் கோப்பின் கடைசியில் ஒட்டிக்கொண்டே போகும். ஒரு பெயரை நீங்கள் நீக்கினால், 'இது நீக்கப்பட்டது' என்று ஒரு வரி அடியில் சேரும். பெயர் மேலே அப்படியே கிடக்கும், கோப்பை அது எப்போதாவது சுருக்கி எழுதும்வரை. ஆகவே நான் எடுத்தது இரண்டு பட்டியல்கள் அல்ல, மூன்று. ஐயா சேர்த்தவர்கள், இயந்திரம் சேர்த்தவர்கள், ஐயா அழித்தவர்கள்.

முதல் பட்டியலில் குழப்பம் இல்லை. இரண்டாவதில் வங்கி, கேஸ் ஏஜென்சி, பதிப்பகங்களின் விற்பனைப் பிரிவு என்று கழித்தால் மனிதர்கள் கொஞ்சம் பேர் மிஞ்சினார்கள். ஒரு தடவை கடிதம் வந்தவருக்குச் சாவுச் செய்தி போவதில் தப்பில்லை.

மூன்றாவதில் பதினைந்து பேர் இருந்தார்கள். பெரும்பாலோர் யாஹூவிலிருந்து ஜிமெயிலுக்கு மாறியவர்கள், புது முகவரியைச் சேர்த்துவிட்டுப் பழையதை எடுத்திருக்கிறார். மூன்று பேருக்கு மட்டும் அப்படி மாற்று முகவரி எதுவும் இல்லை. வேண்டாம் என்று எடுத்துவிட்டிருக்கிறார். ஏன் என்று தெரிந்துகொள்ள வழி இருந்தது. தண்டர்பேர்டில் நீக்கிய கடிதங்களும் கோப்பைச் சுருக்கும்வரை உள்ளேதான் கிடக்கும், தேடினால் வந்துவிடும். நான் தேடவில்லை. அம்மா கேட்டது முகவரிகளை. கடிதங்களை அல்ல.

சட்டம் என்ன சொல்லும்? இந்த மாதிரி விஷயங்களில் அதிகம் பேசப்படுவது ஜெர்மனி வழக்கு. 2012-இல் பெர்லினில் சுரங்க ரயில் மோதிப் பதினைந்து வயதுப் பெண் இறந்துபோனாள். அது விபத்தா தற்கொலையா என்று தெரியாத பெற்றோர் அவளுடைய ஃபேஸ்புக் கணக்கைத் திறந்து பார்க்கக் கேட்டார்கள். ஃபேஸ்புக் மறுத்தது: அவளோடு பேசியவர்கள் உயிரோடு இருக்கிறார்கள், அவர்களுடைய அந்தரங்கம் என்னாவது? ஒரு நீதிமன்றம் பெற்றோர் பக்கம், மேல்முறையீட்டில் இன்னொன்று நிறுவனத்தின் பக்கம். கடைசியில் 2018 ஜூலையில் அந்நாட்டின் கூட்டாட்சி நீதிமன்றம் பெற்றோருக்கே உரிமை என்றது. கடிதமும் நாட்குறிப்பும் வாரிசுக்குப் போகிற மாதிரியே இதுவும் போகும் என்பது அதன் வாதம். நம்மூரிலும், ஜெயலலிதாவின் வாழ்க்கையைப் படமாக்குவதை எதிர்த்து அவருடைய அண்ணன் மகள் தீபா தொடுத்த வழக்கில், ஒருவரின் அந்தரங்க உரிமை அவர் சாவோடு முடிந்துவிடுகிறது, வாரிசுக்குப் போவதில்லை என்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நமக்குப் பிறகு யார் என்று ஒருவரை நியமிக்கும் உரிமையைத் தருகிறது. ஆனால் தனிமனிதர் தன் சொந்தக் காரியத்துக்கு வைத்திருக்கும் தரவுகளில் அது தலையிடாது. அதாவது ஐயாவின் முகவரிப் புத்தகத்துக்குள் வராது.

ஜெர்மனித் தீர்ப்பு சரி என்றுதான் நினைக்கிறேன், மகளை இழந்தவர்களுக்குக் கதவைச் சாத்த ஒரு நிறுவனத்துக்கு என்ன யோக்கியதை. ஆனாலும் 'வாரிசு' என்ற சொல் எனக்கு இடிக்கிறது. வீடும் நிலமும் ஐயாவுடையவை, அவை வாரிசுக்குப் போகும். முகவரிப் புத்தகத்தில் அவருடையது என்ன இருக்கிறது? ஒவ்வொரு வரியும் இன்னொருவரின் பெயர், இன்னொருவரின் வாசல். உ.வே.சா. பாதுகாத்து வைத்திருந்து, பின்னால் ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த கடிதங்களும் அவருக்குப் பிறர் எழுதியவைதானே.

இதற்குச் சரியான சொல் எங்கள் ஊர்க் கல்வெட்டிலேயே இருக்கிறது. திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் முதலாம் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று கபிலரைப் பற்றிப் பேசுகிறது. பாரி செத்த பிறகு அவன் மகளை மலையமானுக்குக் கொடுத்துவிட்டுப் பெண்ணையாற்றங்கரையில் கபிலர் தீப்புகுந்தார் என்கிறது. புறநானூற்றின் அடிக்குறிப்பு வேறு மாதிரி சொல்லும், பாரி மகளிரைப் பார்ப்பாரிடம் சேர்த்துவிட்டு வடக்கிருந்தார் என்று. அது ஆராய்ச்சியாளர்கள் பாடு. ஆற்றில் கபிலர் குன்று என்று நாங்கள் காட்டும் பாறை இரண்டு கதைக்கும் பொதுவாக நிற்கிறது. கல்வெட்டு அந்தப் பெண்ணைக் குறிக்கும் சொல்தான் எனக்கு முக்கியம்: அடைக்கலம். கபிலர் பாரியின் வாரிசு இல்லை. விச்சிக்கோனிடம் போனார், இருங்கோவேளிடம் போனார், இருவரும் மறுத்தார்கள். இன்னொருவர் தன்னை நம்பி விட்டுப்போன உறவை வைத்துக்கொண்டு அவர் வாசல் வாசலாக அலைந்தார். (பெண்களைக் கொடுப்பது, சேர்ப்பது என்று ஆண்களே முடிவு செய்த காலம் அது, அந்தப் பெண்களைக் கேட்டார்களா என்ற கேள்வியைத் தள்ளிவிட முடியாது. முகவரிகளைப் பற்றியும் அதே கேள்விதான் கேட்கிறேன்.)

அடைக்கலப் பொருளை வைத்திருப்பவர் அதை வேண்டாம் என்று கைவிட்டால்? அந்த மூன்று பேருக்கு எழுதுவதை நிறுத்திக்கொள்ள ஐயாவுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அவர் செத்த செய்தியைக் கேட்கும் உரிமையை அவர்களிடமிருந்து எடுத்துவிட அவருக்கு உரிமை உண்டா? எங்கள் ஊர் முறைப்படி கிடையாது. பகையாளி வீட்டுக்கும் சொல் என்றால், செத்தவர் விருப்பம் அதில் செல்லாது என்றுதான் அர்த்தம். சரி, இனிமேல் எனக்கு எழுதாதீர்கள் என்று கேட்டுக்கொண்டவர் எதிர்ப்பக்கத்துக்காரராக இருந்தால்? அப்போது நம் செய்தி அவர் வாசலை மிதிப்பதாகிவிடும். இன்னொன்றும் மனதை அரித்தது. அந்தப் பெயர், அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்றே ஐயா அழித்த பெயராக இருந்துவிட்டால்? இது எதையும் டிஸ்க்கிலிருந்து எடுக்க முடியாது. அதில் இருப்பது 'நீக்கப்பட்டது' என்ற ஒரு வரி, அவ்வளவுதான்.

முன்பெல்லாம் கெட்ட செய்தி கொண்டுவரும் தபால் கார்டில் ஒரு மூலையில் கறுப்பு மை தடவியிருக்கும். படித்ததும் கிழித்துப் போட்டுவிடுவார்கள், வீட்டுக்குள் வைக்க மாட்டார்கள். எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்று அந்த வீடுகளுக்கு ஒரு தெளிவு இருந்தது. தண்டர்பேர்டை எழுதியவர்களுக்கு அப்படி எந்த யோசனையும் இருந்திருக்காது. வேகத்துக்காக ஒட்டிக்கொண்டே போனார்கள். ஒரு பொறியாளரின் வசதிக்காகத் தப்பிப் பிழைத்த மூன்று பெயர்கள் என் கையில் இருந்தன. கிடைத்துவிட்டது என்பதாலேயே கொடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் தொழிலில் ஒரு வியாதி.

முதல் இரண்டு பட்டியல்களையும் பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்றாவதை அச்செடுக்கவில்லை. "அம்மா, ஐயா அழிச்ச பேரும் மூணு இருக்கு. ஏன் அழிச்சாருன்னு எனக்குத் தெரியாது. கேக்கணுமா வேணாமான்னு நீங்க சொல்லுங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "அழிச்சிருந்தா ஏதாச்சும் காரணம் இருக்கும். அவரு கோவக்காரரு. ஆனா செத்ததுக்குச் சொல்லாம இருக்க முடியுமா தம்பி? படி."

முதல் பெயர் அவருக்குத் தெரியவில்லை. இரண்டாவது பெயருக்குத் தலையை மட்டும் ஆட்டினார். மூன்றாவதைப் படித்ததும், "அவருக்கு அன்னிக்கே நான் போன்ல சொல்லிட்டேனே, காடு போயிட்டு வந்த கையோட" என்றார். அந்த நம்பர் எங்கே இருந்தது என்று கேட்டேன். காலண்டர் பின்னால் எழுதி வைத்திருக்கிறாராம், பத்துப் பன்னிரண்டு வருடமாக, காலண்டர் மாறும்போதெல்லாம் புதுசுக்கு மாற்றி எழுதிக்கொண்டு.

மற்ற இருவருக்கும் அனுப்பச் சொன்னார். தெரியாதவருக்கு வேண்டாமே என்று சொல்லிப் பார்த்தேன். "யாரோ என்னவோ, தெரிஞ்சிக்கட்டும்" என்றார். எனக்கு இன்றும் அதில் முழு சம்மதமில்லை. ஆனால் சொல்ல வேண்டியவர் அவர். அவர் சொல்லச் சொல்ல நான்கு வரியில் செய்தியைத் தட்டி, ஒருவர் முகவரி இன்னொருவருக்குத் தெரியாதபடி தனித்தனியாக அனுப்பினேன். காரியம் முடிந்த மறுநாள் பழைய டிஸ்க்கை அவரிடம் கொடுத்துவிட்டு, என்னிடமிருந்த நகல் முழுவதையும் சுழியங்களால் நிரப்பி அழித்தேன்.

அனுப்பிய அன்றே திரும்பி வரத் தொடங்கின. அப்படி ஒரு பெட்டியே இல்லை என்று எதிர்ச் சேவையகம் சொல்லும் 550 என்ற எண்ணோடு, நாற்பதுக்கு மேல். பழைய ரீடிஃப் முகவரிகள், விட்டுப்போன கம்பெனி முகவரிகள். திரும்பி வராதவையெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டன என்றும் சொல்ல முடியாது, இரண்டு வருடம் தொடாத கணக்குகளை கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நீக்க ஆரம்பித்துவிட்டது, அதற்கு இன்னும் கெடு இருக்கும் பெட்டி யாரும் திறக்காமலே செய்தியை வாங்கிக்கொள்ளும். பெட்டி இல்லை என்பதற்கு ஆள் இல்லை என்று அர்த்தமும் இல்லை. அம்மா அந்த நாற்பது சொச்சம் பெயர்களையும் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி வாங்கிக்கொண்டார். துக்கம் விசாரிக்கப் போன் செய்கிற ஒவ்வொரு மாணவரிடமும் பேச்சு முடிந்ததும் நோட்டை எடுத்து, இன்னார் உன் கூடப் படிச்சவரா, இன்னார் நம்பர் இருக்கா என்று கேட்கிறார். போன வாரம் போனபோது ஒன்பது பெயர்கள் பாக்கி இருந்தன.