மருந்து கொடுப்போர் ஊதியம்

புனே நகரத்தில் மத்திய அரசுச் சுகாதாரத் திட்டத்தின் மருந்தகங்களில் கையிருப்பில் இல்லாத மருந்துகளை ஓய்வூதியர் முதலானோர்க்கு வழங்குவதற்கென, தனியார் மருந்துக் கடைகளை அரசு அங்கீகரிக்கும்பொழுது, அச்சிட்ட விலையில் எவர் மிகுந்த தள்ளுபடி தருவதாக டெண்டரில் எழுதுகிறாரோ அவர் பக்கமே தராசு சாய்கிறது. மருத்துவர் சீட்டைப் படித்து, அளவைச் சரிபார்த்து, காலாவதித் தேதியை நோக்கி, காது மந்தமான முதியவர்க்கு உண்ணும் முறையை இருமுறை எடுத்துரைக்கும் உழைப்புக்கு யாது கூலி என்று அங்கே எவரும் கேட்பதில்லை. எவ்வளவு விட்டுக்கொடுப்பாய் என்பதே கேள்வி.

பணம் கொடுப்பவனே அதன் அளவையும் நிர்ணயித்தல் நியாயமாகுமா? ஆகாது என்று கருதியே ஆஸ்திரேலியா, தன் 1953ஆம் ஆண்டுத் தேசிய சுகாதாரச் சட்டத்துள், மருந்தாளுநர்க்கு அரசு தரவேண்டிய தொகையைத் தீர்மானிக்கச் சுதந்திரமான தீர்ப்பாயம் ஒன்றுக்கு இடமளித்தது. ஆயினும் 1990 முதல் அமைச்சரும் மருந்துக் கடைக்காரர் சங்கமும் செய்துகொள்ளும் ஒப்பந்தம் நடப்பில் உள்ளவரை, தீர்ப்பாயம் அதற்கு இசையவே தீர்ப்பளித்தாக வேண்டும். இரு தரப்பார் பேசி முடித்ததற்கு முத்திரையிடுபவர் நடுவர் ஆகார். ஏனெனில் வரி செலுத்துவோரும் நோயாளிகளும் அப்பேச்சில் இல்லை.

நம் நாட்டில் 1997இல் தோன்றிய தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம், 2013ஆம் ஆண்டு ஆணைப்படி, அத்தியாவசிய மருந்துகளின் உச்சவரம்பைக் கணிக்கையில் சில்லறை வியாபாரிக்கு நூற்றுக்குப் பதினாறு சேர்க்கிறது. பத்து ரூபாய் மருந்தில் ஒன்றரை ரூபாய்க்குச் சற்று மேல். ஆயிரம் ரூபாய் மருந்தில் நூற்றறுபது. உழைப்போ இரண்டுக்கும் ஒன்றே. மலிவான மருந்தைப் பரிந்துரைக்கும் நேர்மைக்கு இம்முறை அபராதம் விதிக்கிறது என்றாலும் மிகையாகாது. விலையைச் சாராத நிலையான கட்டணம் இதனினும் தர்மத்துக்கு அணுக்கமானது. ஆனால் பெரும்பாலோர் தம் கைப்பணத்தில் மருந்து வாங்கும் தேசத்தில் அக்கட்டணம் ஏழையின் தலையிலேயே விழும் என்பதை மறக்கலாகாது. ஆகையால், அரசே பணம் செலுத்துமிடத்திலேனும் டெண்டரை விடுத்து நடுவரை நாடுதல் தகும்.

புனேயை அடுத்த பிம்பரியில், 1954இல் பெனிசிலின் தொழிற்சாலையை நிறுவி, மருந்து செய்வதைத் தன் கடமையாக ஏற்றது இதே அரசு. மருந்தை நோயாளியின் கையில் சேர்ப்பது மட்டும் பேரத்துக்குரியதாயிற்று.

இனி, கடைக்காரர்கள் இத்தகைய நடுவரை மகிழ்ந்து வரவேற்பார்கள் என்றும் நம்புவதற்கில்லை. உழைப்புக்குக் கூலி நிர்ணயிக்கப் புகுந்தவர் கணக்கேடுகளைக் கேட்பார். பதிவுபெற்ற மருந்தாளுநரே மருத்துவர் சீட்டுக்கு மருந்து கொடுக்கவேண்டும் என்னும் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சுட்டி, சுவரில் சான்றிதழாகத் தொங்குபவர் கடையில் நிற்கிறாரா என்றும் கேட்பார்.