துறவியின் ஊசியும் சைக்கிள்காரரின் பையும்

மலைச் சைக்கிள் ஓட்டத் தொடங்கும் ஒருவருக்குச் சைக்கிளைத் தவிர இன்னும் என்னென்ன வேண்டும்? கடையில் எழும் கேள்விதான். ஆனால் தேவை எங்கே முடிந்து ஆசை எங்கே தொடங்குகிறது என்ற பழைய அறக்கேள்வி அதற்குள் இருக்கிறது. புதுக்கோட்டைச் சீமைக்கு அந்தக் கேள்வி புதிதல்ல. சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டம் எனும் குகையின் கற்படுக்கைகளில் தங்கிய சமணத் துறவியருக்கு, பொருளைப் பற்றாதிருத்தல் ஐம்பெரும் விரதங்களில் ஒன்று. ஆயினும் ஆடையையே துறந்த திகம்பரத் துறவிகூட மயிற்பீலி, கமண்டலம், சாத்திர நூல் ஆகியவற்றை வைத்துக்கொள்ளலாம். உட்காரும் இடத்தில் சிற்றுயிர் நசுங்காதபடி விலக்கவே அந்தப் பீலி. பௌத்த பிக்குவுக்கு அனுமதிக்கப்பட்டவை எட்டு: மூன்று ஆடைகள், பிச்சைப் பாத்திரம், இடைக்கச்சை, சவரக்கத்தி, ஊசி, நீர் வடிகட்டி. வடிகட்டி நீரில் வாழும் உயிரைக் காக்கிறது. கிழிந்த ஆடையைத் தைத்து மீண்டும் உடுத்த ஊசி உதவுகிறது. எல்லாவற்றையும் விட்டவர்களே விடாமல் வைத்துக்கொண்ட இந்தப் பொருள்களிலிருந்து இரண்டு அளவுகோல்கள் கிடைக்கின்றன. ஒரு பொருள் உயிரைக் காக்க வேண்டும். அல்லது பழுதைச் சரிசெய்து, இருப்பதையே நீடிக்கச் செய்ய வேண்டும்.

புதுக்கோட்டை மாவட்டத்துத் திருமயத்தைச் சுற்றியுள்ள செம்மண் தடங்களிலும் கண்மாய்க் கரைகளிலும் இந்த அளவுகோல்களை வைத்துப் பார்க்கலாம். பாறையும் சரளையும் நிறைந்த தடத்தில் ஹெல்மெட்டும் கையுறையும் தண்ணீரும் உயிர் காப்பவை. இருட்டும் முன் திரும்ப முடியாமல் போனால் விளக்கும் அப்படியே. சீமைக்கருவேல முள் டயரில் ஏறுவது இங்கே அன்றாட நிகழ்வு. ஆகவே மாற்று ட்யூப், டயர் கழற்றும் நெம்புகோல், பேட்ச், சொல்யூஷன், உப்புத்தாள், கைப்பம்பு ஆகியவை வேண்டும். தளர்ந்த போல்ட்டை முடுக்க ஆலன் கீ, அறுந்த செயினைச் சேர்க்கச் செயின் கட்டர் ஆகியவையும் வேண்டும். பிக்குவின் ஊசி செய்த வேலையையே இவை செய்கின்றன. இதற்கு மேல் வருபவற்றில் பெரும்பாலானவை பிறர் பார்ப்பதற்கானவை.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின் வழியே இம்மாவட்டத்துப் பெண்கள் பல்லாயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். ஹெல்மெட்டும் இல்லை, கருவிப் பையும் இல்லை. பலருக்கு லேடீஸ் சைக்கிள்கூடக் கிடைக்கவில்லை. வெறும் இரண்டு சக்கரங்கள் அவர்களுக்கு விடுதலை தந்தபோது, இந்தப் பட்டியல் எதற்கு? அவர்களின் துணிச்சல் எந்தக் கருவியையும்விடப் பெரியது என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர்கள் ஓட்டியது ஊரும் பஞ்சர் கடையும் இருந்த சாலைகளில். பம்பும் சொல்யூஷனும் அவர்கள் பையில் இல்லாவிட்டாலும் ஊரின் கையில் இருந்தன. ஆளில்லாத் தடத்துக்குப் போகிறவர் அந்த ஊர்த் துணையை விட்டு விலகிப் போகிறார். எவ்வளவு தூரம் விலகுகிறாரோ அவ்வளவுக்கு அதைத் தன்னோடு எடுத்துச் செல்வது அவர் கடமை.

சத்தியமூர்த்திப் பெருமாள் கோயில் கொண்டிருக்கும் திருமயத்தில் இன்னொரு மறுப்பும் எழலாம்: காப்பவன் இறைவன் என்று நம்புகிறவருக்குக் கவசம் ஏன்? சரணடைதல் என்பது விளைவை இறைவனிடம் விடுவது. செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவதற்கு அது அனுமதி ஆகாது. தலையில் அடிபட்டுக் கிடப்பவரை ஒருவர் தூக்கிச் சுமக்க வேண்டியிருக்கும். தன் அலட்சியத்தின் பாரத்தை அடுத்தவர் தோளில் ஏற்றுவது பக்தி ஆகாது.

தேவை என்ற பெயரில் ஆசையே உள்ளே நுழையும் என்பது மூன்றாவது மறுப்பு. அந்த அச்சம் நியாயமானது. அதற்குக் காவல் பயிற்சிதான். பஞ்சர் ஒட்டத் தெரியாதவர் பையில் இருக்கும் பேட்ச், எவ்வளவு மலிவானதாக இருந்தாலும், வெறும் உடைமை. தெரிந்தவர் கையில் அதுவே கருவி. எனவே புதிதாகத் தொடங்குகிறவர்களே, ஒவ்வொரு பொருளையும் வாங்கும் முன் அதைக் கையாளக் கற்றுக்கொள்ளுங்கள். உயிரைக் காக்காத, பழுதைத் தீர்க்காத எதையும் பையில் ஏற்றாதீர்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள திருமயம் கோட்டைப் பாறையில் சக்கரம் உருட்டாமல் இருப்பதும் இந்த அறத்தில் சேரும்.