முன்னமைவும் கைத்திருத்தமும்: ஒளிப்படத்தின் நேர்மை குறித்து

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், மருதமுனை ஆகிய கரையோர ஊர்களில் திருமண வைபவம் ஒன்று நிறைவெய்தியதும் ஒளிப்படக் கலைஞரின் பணி முடிந்துவிடுவதில்லை. அதன் பெரும்பகுதி அப்பொழுதுதான் தொடங்குகின்றது. எடுத்த நூற்றுக்கணக்கான படங்களையும் கணினியில் இட்டு, ஒளியையும் நிறத்தையும் சீர்செய்து, அல்பமாக்கிக் கொடுத்தல் வேண்டும். இதற்கு அவர்முன் இரு வழிகள் உள. வேறொருவர் முன்னரே வகுத்துவைத்த அளவுகளின் தொகுதியாகிய முன்னமைவை (பிரீசெட்) ஒரே அழுத்தில் எல்லாப் படங்களுக்கும் ஏற்றிவிடுதல் ஒன்று. ஒவ்வொரு படத்தையும் தனித்து நோக்கிக் கையால் திருத்துதல் மற்றையது. முன்னது சோம்பல், பின்னது நேர்மை என்று தீர்ப்புக் கூறிவிடுதல் எளிது. ஆயின் அவ்வாறு கூறுவோர் கைத்திருத்தத்தின் வரலாற்றை மறந்துவிடுகின்றனர்.

1855ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியிலே மியூனிக் நகரத்து ஹான்ஃப்ஸ்டேங்கல், திருத்தப்பட்ட நெகட்டிவ் ஒன்றைக் காட்சிக்கு வைத்தார். அதன்பின் கூரிய பென்சிலால் நெகட்டிவின்மேல் நுண்ணிய கோடுகள் இடும் தொழில் உலகெங்கும் பரவிற்று. நெகட்டிவில் கரிபடும் இடம் அச்சில் வெளுக்கும். ஆகவே சுருக்கமும் வடுவும் கருமையும் மறைந்தன. இவையாவும் கையால், மிகுந்த பொறுமையுடன், ஒவ்வொரு முகமாக நோக்கிச் செய்யப்பட்டவையே. மணமகளை இரண்டு படி வெளுப்பாக்கித் தருமாறு கேட்கும் உறவினருக்கு இன்றும் கைத்திருத்தமே வசதியானது. கை உழைத்தது என்பதனால் மட்டும் பொய் மெய்யாகிவிடாது.

அவ்வாறாயின் முன்னமைவு குற்றமற்றதா? அதன் இயல்பை நோக்குதல் வேண்டும். லைட்ரூம் போன்ற மென்பொருளில் முன்னமைவு எனப்படுவது ஒளியளவு, வெண்சமநிலை, நிறச்செறிவு முதலியவற்றுக்குரிய எண்களின் தொகுப்பே. எவரோ ஒருவர், எங்கோ ஓரிடத்து ஒளியில், எவரோ ஒருவரின் தோல்நிறத்தை நோக்கி அவ்வெண்களைத் தெரிந்தார். முகிலடர்ந்த வடநாட்டு வானத்தின்கீழ் மென்மையாகத் தோன்றிய அதே அளவு, கல்முனைக் கடற்கரையின் நண்பகல் வெயிலில் மாநிற முகத்தைச் செம்மஞ்சளாக்கிவிடுகின்றது. முகத்தையும் வானத்தையும் தாமே பிரித்தறியும் முன்னமைவுகள் இப்பொழுது வந்துள்ளன என்பது மெய்யே. எனினும் முகம் எவ்வாறு தோன்றவேண்டும் என்ற முடிவு அவற்றுள்ளும் முன்கூட்டியே எடுக்கப்பட்டுவிட்டது.

இது கணினியோடு பிறந்த சிக்கல் அன்று. கொடாக் நிறுவனம் அச்சு நிலையங்களுக்கு அனுப்பிய "ஷேர்லி" அட்டையிலே ஒரு வெள்ளையினப் பெண்ணின் உருவம் இருந்தது. அவள் நிறம் சரியாக வந்தால் இயந்திரம் சரி எனக் கொள்ளப்பட்டது. கருநிறத்தோர் படத்தில் நிழலாய் மங்கியபோது, பிழை அட்டையில் இருக்கலாம் என்று எண்ணியோர் சிலரே. பல இனப் பெண்களும் அவ்வட்டையில் இடம்பெற 1990களின் நடுப்பகுதி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இலங்கை முஸ்லிம்களிற் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் சட்டநூல்களில் இவ்வினாவுக்கு நெருங்கிய ஒன்று நெடுங்காலமாக ஆராயப்பட்டுள்ளது. தொழுகைக்குக் கிப்லாவின் திசையை அறிதல் எவ்வாறு என்பதே அது. பார்வையற்றவர் நம்பத்தகுந்த ஒருவரைப் பின்பற்றலாம், அது தக்லீத். தானே முயன்று அறியும் ஆற்றல் உடையவர் பிறரைக் கண்மூடிப் பின்பற்றல் ஆகாது. அவர் செய்யவேண்டியது இஜ்திஹாத். கெய்ரோவில் தென்கிழக்கை நோக்கித் தொழுபவர் கல்முனைக்கு வந்தபின் மேற்கை, சற்று வடக்காக, நோக்குகின்றார். கெய்ரோவில் அவர் நின்ற திசை அங்கே பிழையன்று; அதனை இங்கே கொண்டுவருதலே பிழை. மேலும், ஆய்ந்து தீர்ப்பளித்த நீதிபதி தவறினாலும் அவருக்கு ஒரு கூலி உண்டு என்பது நபிமொழியின் கருத்து. அக்கூலி அவர் ஏற்ற பொறுப்புக்கு உரியது. முன்னமைவை ஏற்றிய கலைஞரை நோக்கி, "முகம் ஏன் இவ்வாறு வந்தது?" என வினவினால், "மென்பொருள் அவ்வாறு செய்தது" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். தொழில் கற்கத் தொடங்கிய இளைஞன் அவ்வாறு கூறின் பொறுத்துக்கொள்ளலாம். கண்ணும் பயிற்சியும் வாய்த்தவர் கூறுதல் தகாது.

திருமணப் படத்தில் நேரும் இழப்பு சிறிதுதான். அல்பத்தை வாங்கியோர் மகிழ்ந்தால் அதுவே போதும் எனவும் வாதிடலாம். 2004 டிசம்பர் 26இன் பின்னர் இக்கரையில் அவ்வாதம் நிலைக்கவில்லை. ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றது. வீடுகளோடு அல்பங்களும் போயின. உறவினர் வீட்டில் எஞ்சிய குழுப்படமொன்றில், நகத்தளவே தெரியும் தன் மகனின் முகத்தைப் பெருப்பித்துத் தருமாறு ஒரு தாய் கேட்கின்றாள் எனக் கொள்வோம். இன்றைய செயற்கை நுண்ணறிவு மென்பொருள் நொடியில் தெளிவான முகமொன்றைத் தரும். ஆயின் படத்தில் இல்லாத கண்ணிமையையும் உதட்டோரத்தையும் அது வேறு ஆயிரமாயிரம் முகங்களிலிருந்து கற்றதைக்கொண்டு இட்டு நிரப்புகின்றது. புருவத்தின்மேல் இருந்த தழும்பு அதன் கணக்கில் ஒரு கறை, ஆகவே அகற்றப்படும். அழகிய சிறுவன் ஒருவன் கிடைப்பான். அவன் அவள் பெற்ற மகன் அல்லன்.

கையால் திருத்துபவருக்கும் அத்தழும்பு தெரியாது. மங்கிய புள்ளி தழும்பா, கடதாசியின் பழுதா என்பதை அவராலும் பிரித்தறிய இயலாது. எனினும் அவருக்கு ஐயம் எழும். ஐயம் எழுந்தவர் திரையின் அருகே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, அத்தாயை அமரச்செய்து, "உம்மா, இந்த இடத்தில என்ன இருந்தது?" என்று கேட்பார்.