பழஞ்சேலையும் பற்றும்

வங்காளக் கிராமங்களில் பிறக்கப்போகும் குழந்தைக்குப் போர்வை தைக்க, பாட்டியும் அத்தையும் உடுத்தி நைந்துபோன சேலைகளைத்தான் வெளியே எடுப்பது வழக்கம். மூன்று நான்கு சேலைகளைத் தரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, சுருக்கம் நீக்கி, ஓரங்களைச் சேர்த்துத் தைத்துக்கொள்வார்கள். நூலும் பழசுதான், சேலைக்கரையிலிருந்து இழை இழையாக உருவியது. அந்த நூலால் துணி முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டுத் தையல் போடுவார்கள். தையல் நெருங்க நெருங்கத் துணி லேசாகச் சுருங்கி, காற்றடித்த குளத்துநீர் போல மேலெல்லாம் அலை எழும்பும். இதன் பெயர் காந்தா. பீகாரின் முசாபர்பூர்ப் பக்கம் இதையே சுஜனி என்கிறார்கள். அங்கே சித்திரியா மா என்று ஒரு தெய்வம் உண்டு, கந்தல்களின் தாய். சிதறிக் கிடந்த துண்டுகள் ஒன்றாகிப் பிள்ளையைச் சுற்றும்போது அந்தத் தாயே அணைத்துக்கொள்கிறாள் என்பது நம்பிக்கை.

பழந்துணி ஏன்? நூறு தடவை துவைத்த பருத்தி பச்சை உடம்பை உறுத்தாது. நம் வீடுகளில் பழைய வேட்டியைக் கிழித்துப் பிள்ளைக்குப் போட்டதும், அம்மாவின் நூல்சேலையில் தூளி கட்டியதும் இதனால்தான். ஆனால் மென்மை மட்டுமே காரணமென்றால் எந்த வீட்டுப் பழந்துணியும் போதுமே. இந்தப் பாட்டியின் சேலைதான் வேண்டும் என்று ஏன் தேட வேண்டும்? உடுத்தியவர் அந்தத் துணியில் கொஞ்சம் தங்கியிருக்கிறார் என்று மனசு நம்புகிறது. பற்றை விடச் சொல்லும் மரபுகள் பிறந்த மண்ணில், பற்றையே ஊசிகொண்டு தைத்து அடுத்த தலைமுறையின் மேல் போர்த்துவது சரிதானா என்ற கேள்வியும் கூடவே எழுகிறது.

ஒட்டுத்துணிக்கு இன்னொரு பரம்பரையும் உண்டு. பௌத்தத் துறவிகள் சுடுகாட்டிலும் குப்பைமேட்டிலும் பொறுக்கிய துணியைக் கழுவி, வெட்டி, ஒட்டுப்போட்டு உடுத்தினார்கள். மகத நாட்டு வயல்களில் வரப்புகள் ஓடும் விதத்தைக் காட்டி, துறவியின் ஆடையான சீவரத்தை அப்படித் தைக்க முடியுமா என்று புத்தர் கேட்க, அவருடைய சீடர் ஆனந்தர் அந்த வடிவத்தை அமைத்தார் என்கிறது துறவிகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் விநயபிடகம். அங்கே துணியை வெட்டுவதன் நோக்கமே வேறு. வெட்டுப்பட்ட துணிக்கு விலை இல்லை. திருடனும் தொடமாட்டான், துறவியும் ஆசைப்படமாட்டார். சாயத்தில் முக்கியதும் யார் உடுத்திய துணி என்ற அடையாளமும் போய்விடும். காந்தா தைப்பவளோ அந்த அடையாளத்துக்காகவே தைக்கிறாள். கந்தலும் ஊசியும் ஒன்றுதான், போகும் திசைதான் நேரெதிர்.

அதே விநயபிடகத்தில் இன்னொரு நிகழ்ச்சி வருகிறது. கௌசாம்பி மன்னன் உதயணனின் (நம் பெருங்கதையின் நாயகனேதான்) அந்தப்புரப் பெண்கள் ஆனந்தருக்கு 500 ஆடைகளைக் கொடுத்துவிடுகிறார்கள். துறவிக்கு இத்தனை எதற்கு, துணிக்கடை வைக்கப்போகிறாரா என்று மன்னனுக்குக் கோபம். நேரில் போய்க் கேட்கிறான். ஆடை கிழிந்த துறவிகளுக்குப் பங்கிடுவோம் என்கிறார் ஆனந்தர். அவர்களுடைய பழைய ஆடைகள்? படுக்கை விரிப்பாகும். பழைய விரிப்பு மெத்தை உறையாகும், பழைய உறை தரைவிரிப்பாகும், அதுவும் நைந்தால் கால்மிதி, பிறகு தூசு தட்டும் துணி. கடைசியில்? நறுக்கிச் சேற்றோடு குழைத்துத் தரை பூசுவோம். மன்னன் மகிழ்ந்து இன்னும் 500 ஆடைகள் கொடுத்தானாம். பற்றறுத்தவர்கள் ஒரு துணியைக் கடைசி நார்வரை எவ்வளவு கவனமாக மதித்தார்கள்! பற்றில்லை என்றால் அக்கறையும் இல்லை என்று நினைப்பவர்கள் படிக்க வேண்டிய இடம் இது.

ஜப்பானில் கதை வேறு விதம். பிள்ளை தங்காத வீடுகளில் நூறு வீட்டுத் துணித்துண்டுகளைக் கேட்டு வாங்கிக் குழந்தைக்குச் சட்டை தைத்தார்கள். கனசாவா நகரின் ஷின்ஜோஜி கோயிலில் அப்படிக் காணிக்கையாக வந்த சட்டைகள் காக்கப்பட்டு வருகின்றன. அங்கே குடிகொண்ட கிஷிமோஜின், ஒரு காலத்தில் பிள்ளைகளைத் தின்று, புத்தரால் திருந்திப் பிள்ளைகளின் காவலாக மாறியவள். நூறு வீட்டுத் துணி போட்ட பிள்ளை நூறு வீட்டுப் பிள்ளை. நம்மூரில் தவிட்டுக்கு விற்று வாங்கிய பிள்ளையும் இதே ஏக்கத்தில் வந்ததுதான். என்னுடையது என்று பிடித்தால் போய்விடும் என்று பயந்த தாய், பிடியைத் தளர்த்திப் பிள்ளையைக் காப்பாற்றப் பார்த்தாள். அந்த ஒட்டுச்சட்டையைப் பற்று என்று சொல்வதா, துறவு என்று சொல்வதா?

குழந்தையின் பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். புரூஸ் ஹூட், பால் புளூம் என்ற உளவியலாளர்கள் 2008இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். குழந்தைகள் கட்டிக்கொண்டு தூங்கும் துணியையோ பொம்மையையோ அச்சு அசலாக நகலெடுக்கும் இயந்திரம் இது என்று ஒரு பெட்டியைக் காட்டினார்கள். பெரும்பாலான பிள்ளைகள் தங்கள் பழசையே கேட்டார்கள். சிலர் அதை இயந்திரத்துக்குள் வைக்கவே விடவில்லை. நிறமும் வடிவமும் ஒன்றாக இருந்தாலும் அது வேறு என்பது யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இந்தப் பற்று பின்னால் என்னவாகிறது என்பதை ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் டொனால்ட் வினிகாட் கவனித்தார். 1953இல் அச்சான அவருடைய கட்டுரையின்படி, அந்தத் துணியைக் குழந்தை மறப்பதும் இல்லை, அதற்காக அழுவதும் இல்லை. வயது ஏற ஏற அதன் தேவை மெல்லக் கரைந்துவிடுகிறது. பெரியவர்கள் வருஷக்கணக்காகத் தவம் இருந்து தேடும் விடுதலை, அழுக்கும் எச்சிலும் படிந்த ஒரு போர்வை வழியாகப் பிள்ளைக்குத் தானாகவே நடந்துவிடுகிறது.

ஆகவே போர்வை தைப்பதில் பிழை இல்லை, அதைப் பூட்டி வைப்பதில்தான் இருக்கிறது. பிள்ளையின் சின்ன வயசுச் சட்டைகளை வெட்டி ஒட்டுப்போர்வை தைத்துத் தரும் தையற்காரர்கள் இன்று பெருகியிருக்கிறார்கள். அழகான வேலைதான். ஆனால் பாலிதீன் உறையில் போட்டு அலமாரி மேல்தட்டில் வைத்த போர்வை பிள்ளையினுடையது ஆகாது. அது பெற்றோரின் ஏக்கம் மட்டுமே. அதைப் பிள்ளை இழுத்துக்கொண்டு அலையட்டும், நனைக்கட்டும், ஓரத்தைக் கடிக்கட்டும். காந்தா தைக்கும் பெண்கள் இதற்குத் தயங்குவதில்லை. கிழிந்த காந்தாவின் மேலும் கீழும் வேறு சேலையை வைத்து, பழசை உள்ளடுக்காக்கி, அடுத்த பிள்ளைக்குத் தைக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.