உயரம் சொல்லும் எண்

விமானத்தின் உயரமானி உயரத்தை நேராக அளப்பதில்லை. வெளிக்காற்றின் அழுத்தத்தை அளந்து, அதை உயரமாகச் சொல்கிறது. கருவியில் வைத்த அடிப்படை அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் பிசகினாலே, கீழ்வானில் கணக்கு ஏறத்தாழ 30 அடி பிசகிவிடும். விமானி பொய் சொல்லவில்லை, கருவியும் கெடவில்லை. ஆனாலும் அவர் சொல்லும் உயரமும் தரையில் இருக்கும் கட்டுப்பாட்டாளரின் ரேடார் திரையில் தெரியும் உயரமும் சில நேரம் ஒத்துப்போவதில்லை.

வேறுபாடு 300 அடியைத் தொட்டால், கட்டுப்பாட்டாளர் வாதிடுவதில்லை. அழுத்த அளவைச் சரிபார்த்து, உயரத்தை உறுதிசெய்யுங்கள் என்று மட்டும் கேட்கிறார். முப்பது ஆண்டு பறந்த விமானிக்கும் அதே கேள்விதான். அவரும் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்வதில்லை. மனிதர்கள் கற்றுக்கொண்ட உரையாடல்களில் இதைவிடப் பண்பட்டது வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அப்படிக் கேட்க வழியே இல்லாத நாள் ஒன்று இருந்தது: 1996 நவம்பர் 12. ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே, 15,000 அடியில் நிற்க வேண்டிய விமானம், எதிரே 14,000 அடியில் வந்த விமானத்தின் பாதைக்கு இறங்கியது. டெல்லியின் அன்றைய ரேடார் திரையில் உயரம் தெரியாது; விமானிகள் சொன்னதே கணக்கு. இரண்டும் மோதி, 349 பேர் இறந்தார்கள்.