எண்ணப்படுகிறவர்களின் பார்வைக்கு

நான் வேலை செய்யும் தொழிற்சாலை புக்கிட் தெங்காவில் இருக்கிறது. பினாங்கு என்றதும் ஜார்ஜ்டவுனையும் அதன் சுவரோவியங்களையும் மட்டுமே நினைப்பவர்களுக்கு இந்தப் பெயர் தெரியாமல் இருக்கலாம். பாலத்துக்கு இந்தப் பக்கம், பெருநிலத்தில், பிறைக்கும் புக்கிட் மெர்தாஜாமுக்கும் நடுவில் இருக்கிற ஊர். கொமுட்டர் ரயில் நிற்கும். சுற்றிலும் தொழிற்சாலைகள்.

அங்கே என் வேலை கணக்குகளைப் படமாக்குவது. எந்த மெஷினில் யார் நின்றார்கள், எத்தனை பொருள் வந்தது, எத்தனை கழிவானது, மெஷின் எத்தனை நிமிடம் நின்று கிடந்தது என்பதையெல்லாம் திரட்டி, பவர் பிஐயில் ஏற்றி, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மேலே இருப்பவர்களுக்குக் காட்ட வேண்டும். ‘பிசினஸ் இன்டெலிஜென்ஸ்’ என்று இதற்குப் பெயர். தமிழில் ‘வணிக நுண்ணறிவு’ என்கிறார்கள். ஆனால் ஆலையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ‘டேஷ்போர்டு’ என்றால்தான் எல்லோருக்கும் புரியும்.

தரவு, அறம் என்று பேச்செடுத்தாலே நாம் திருட்டைப் பற்றித்தான் பேசுகிறோம். யாரோ வெளியாள் உள்ளே புகுந்துவிட்டான், தொலைபேசி எண்கள் கசிந்துவிட்டன என்று. எனக்கு இருக்கும் கேள்வி அதுவல்ல. எதுவும் திருடு போகவில்லை, எல்லாம் அனுமதியோடுதான் நடக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒன்று மிச்சமிருக்கிறது. ஒருவரைப் பற்றிய கணக்கை மற்ற எல்லாருக்கும் காட்டிவிட்டு, அவருக்கு மட்டும் காட்டாமல் இருப்பது நியாயமா?

இந்தத் துறைக்கு இந்தப் பெயர் நிலைக்கக் காரணமானவர்களில் ஒருவர் ஐபிஎம் நிறுவனத்தில் ஆய்வாளராக இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன். 1958இல் அந்நிறுவனத்தின் ஆய்விதழில் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே ‘ஒரு பிசினஸ் இன்டெலிஜென்ஸ் அமைப்பு’ என்பதுதான். அவர் கற்பனை செய்தது வண்ணப் படங்களை அல்ல. நிறுவனத்துக்குள் வரும் ஆவணங்களை இயந்திரமே சுருக்கி, யாருக்கு எது தேவையோ அவரிடம் கொண்டு சேர்க்கும் ஓர் ஏற்பாட்டை. தகவல் போய்ச் சேர வேண்டிய இடங்களைச் ‘செயல் புள்ளிகள்’ என்றார். அதாவது முடிவெடுக்கிறவர்கள். யாரிடம் கொடுப்பது என்ற கேள்வி இந்தத் துறை பிறந்தபோதே கூடப் பிறந்ததுதான். பதிலும் அன்றே எழுதப்பட்டுவிட்டது. யார் முடிவெடுக்கிறாரோ அவருக்கு. யாரைப் பற்றி முடிவெடுக்கிறார்களோ அவர் அந்தப் பட்டியலில் இல்லை.

எண் பொய் சொல்லாது என்பார்கள். சரிதான், ஆனால் எண்ணை உருவாக்கும் சூத்திரத்தை ஒரு மனிதர்தான் எழுதுகிறார். தொழிற்சாலைகளில் ஓ.ஈ.ஈ. என்றோர் அளவுகோல் உண்டு. ஜப்பானியப் பொறியாளர் செய்இச்சி நகாஜிமா வழியாக உலகமெல்லாம் பரவியது. மெஷின் ஓட வேண்டிய நேரத்தில் எவ்வளவு நேரம் ஓடியது, ஓடியபோது எவ்வளவு வேகத்தில் ஓடியது, வந்ததில் எவ்வளவு நல்ல பொருள் என்ற மூன்றையும் பெருக்கினால் ஒரு விழுக்காடு வரும். 85 வந்தால் உலகத்தரம் என்பது வழக்கம்.

முதல் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வோம். 8 மணி நேர ஷிப்ட் என்றால் 480 நிமிடம். சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் 60 நிமிடம் கழித்தால் 420. மெஷின் 357 நிமிடம் ஓடியது என்றால் 85 விழுக்காடு. இதற்கு நடுவில் ஆப்பரேட்டர் இரண்டு முறை கழிப்பறைக்குப் போய்வந்தார், மாற்று ஆள் இல்லாததால் 20 நிமிடம் மெஷின் நின்றது என்று வையுங்கள். அந்த 20 நிமிடத்தை இழப்பு என்று வகைப்படுத்தினால் அதே 85. மனிதர் என்றால் கழிப்பறைக்குப் போகத்தான் செய்வார், அது முன்கூட்டியே தெரிந்த இடைவேளை என்று வகைப்படுத்தினால் 400இல் 357. அதாவது 89.25. ஒரே இரவு, ஒரே மெஷின், ஒரே ஆள். நான்கு புள்ளிக்கு மேல் வித்தியாசம். இரண்டு எண்ணுமே பொய்யில்லை. ஒரு மனித உடம்பை எந்தக் கட்டத்தில் போடுவது என்பதை மூன்றாவது மாடியில் ஏசி அறையில் உட்கார்ந்து யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். அவ்வளவுதான்.

இது வெறும் சூத்திரச் சிக்கலாக நிற்காமல் ஒரு முகமாக மாறியது எங்கள் தயாரிப்புத் தளத்தில்தான். சில மாதங்களுக்கு முன் லைனுக்கு மேலே ஒரு பெரிய தொலைக்காட்சியை மாட்டி, ஆப்பரேட்டர்களின் பெயரை வரிசையாகப் போட முடிவு செய்தார்கள். மேலே இருப்பவர் பச்சை, கீழே இருப்பவர் சிவப்பு. முதல் வாரமே ஓர் அக்கா சிவப்பில் வந்தார். அந்தப் பகுதியில் அவரைவிட அனுபவம் உள்ளவர் கிடையாது. நான் கீழே இறங்கியபோது என்னைப் பார்த்துக் கேட்டார்.

“தம்பி, அந்தச் செவப்பு நாந்தானே?”

“ஆமாக்கா.”

“ஏழாம் நம்பர் மெஷினு எப்படிப்பட்டதுன்னு அதுல போட்டிருக்கா?”

போடவில்லை. ஏழாம் எண் மெஷின் இருப்பதிலேயே பழையது. அடிக்கடி சிக்கும். புதுசா வந்த பிள்ளைங்களால் அதைச் சமாளிக்க முடியாது என்பதால் எப்போதும் அக்காவையே அங்கே நிறுத்துவார்கள். நல்ல கைக்கு மோசமான மெஷின் என்பது ஆலையில் எல்லோருக்கும் தெரிந்த நியாயம். அதனாலேயே அவருடைய எண்ணிக்கை குறைவு. படம் சரியாகத்தான் வேலை செய்தது. இருப்பதிலேயே திறமையான ஆளைக் கடைசியில் கொண்டுபோய் நிறுத்தியது. அந்தப் படத்தைத் திருத்தத் தேவையான ஒரே தகவல் ஒரே ஒருவரிடம் இருந்தது. சிவப்பில் இருந்த அவரிடமே. அதைச் சொல்ல அவருக்கு அந்தத் திரையில் இடம் இல்லை. தற்செயலாக நான் அந்த வழியாகப் போனதால் சொன்னார்.

எங்கள் மேலாளர் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. டேஷ்போர்டு வருவதற்கு முன்பு போனஸ் எப்படித் தீர்மானமானது? சூப்பர்வைசரின் ஞாபகத்தை வைத்து. யார் அவரோடு நன்றாகப் பேசுவார், யார் அவர் சொன்ன நேரத்துக்கெல்லாம் ஓ.டி. செய்வார் என்பதை வைத்து. அதைவிட எண் மேல் என்று அவர் சொல்வதை என்னால் தட்ட முடியவில்லை. எண்ணுக்கு நம் சாதியும் தெரியாது, நம் மொழியும் தெரியாது.

ஆனால் எண்ணப்படுவதைப் பற்றி மலேசியத் தமிழர்களாகிய நமக்கு ஒரு நீண்ட அனுபவம் இருக்கிறது. நான் படித்தது நிபோங் திபாலில் இருக்கும் யூஎஸ்எம் பொறியியல் வளாகத்தில். 19ஆம் நூற்றாண்டில் அந்த வட்டாரம், ஏன் செபராங் பிறையின் பெரும்பகுதியுமே, கரும்புத் தோட்டம். தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் வெட்டிய கரும்பு. பிறகு ரப்பர் வந்தது. 1907இல் தொடங்கிய குடியேற்ற நிதிக்காக, எத்தனை இந்தியத் தொழிலாளர்களை வைத்து வேலை வாங்கினார்கள் என்ற கணக்குப்படி தோட்டங்களிடமிருந்து பணம் வசூலித்தார்கள். அந்தப் பணத்தில் மேலும் ஆட்கள் கப்பலில் வந்தார்கள். நம் தாத்தா பாட்டிமார் தலைகள் அவ்வளவு துல்லியமாக எண்ணப்பட்டன.

தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டு. கிராணி செக்ரோலில் பேர் போடுவார். இலங்கை மலையகத்தில் இந்தச் சொல் இன்னும் கூர்மையானது. அங்கே ‘பேர்’ என்றாலே ஒரு நாள் கூலி. பறித்த கொழுந்து குறைந்தால் ‘அரைப் பேர்’. ஒரு மனிதரின் பெயரே பாதியாகிவிடுகிறது. எழுதியவர் கிராணி, படித்தவர் துரை. பேருக்குச் சொந்தக்காரர் அதைப் படிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அப்படியே தோன்றினாலும் பெரும்பாலோருக்கு எழுத்து தெரியாது.

அப்படியென்றால் எண்ணாமலே விட்டுவிடலாமா? கூடாது. எண்ணப்படாமல் போனால் என்ன ஆகும் என்பதும் நமக்குத் தெரியும். 1942க்கும் 1943க்கும் இடையில் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவில் 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட்டார்கள். காஞ்சனபுரி போர்க்கல்லறையில் ஏறக்குறைய 7,000 போர்க்கைதிகள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். வரிசை வரிசையாகக் கல், பெரும்பாலானவற்றில் பெயர், படைப்பிரிவு, தேதி. அதே பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டுச் செத்த தமிழர்களுக்கு அப்படி ஒரு பட்டியல் இல்லை. எத்தனை பேர் என்பதற்கே ஆளுக்கொரு மதிப்பீடு. பட்டியல் இல்லாததால் கேட்பதற்கு ஆதாரமும் இல்லாமல் போனது.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது, பிரச்சினை எண்ணுவதில் இல்லை என்பதுதான். எண்ணுதல் என்ற நம் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. கணக்கிடுவது ஒன்று, நினைத்துப் பார்ப்பது இன்னொன்று. தோட்டத்தில் முதலாவது மட்டும் நடந்தது. ரயில்பாதையில் இரண்டுமே நடக்கவில்லை. கணக்கோடு நினைப்பும் சேர வேண்டுமென்றால், எண்ணப்பட்டவரிடமிருந்து ஒரு சொல் திரும்பி வர வழி இருக்க வேண்டும். அதற்கு முதலில் அவர் அதைப் பார்க்க வேண்டும்.

சட்டம் இதை ஏற்கெனவே ஓரளவு ஒத்துக்கொண்டிருக்கிறது. மலேசியாவின் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் ஏழு கோட்பாடுகளில் ஒன்று அணுகல். தன்னைப் பற்றிய தரவைப் பார்க்கவும், தவறாக இருந்தால் திருத்தச் சொல்லவும் ஒருவர் கேட்கலாம். சட்டத்தில் வழி இருக்கிறது, எங்கள் திரையில் பொத்தான் இல்லை. காரணம் கேட்டால் மிகச் சாதாரணமாக இருக்கும். பவர் பிஐ அறிக்கையை ஒருவரோடு பகிர வேண்டுமென்றால், பொதுவாக அவருக்கும் கம்பெனிக் கணக்கும் உரிமமும் வேண்டும். ப்ரோ உரிமம் ஆளுக்கு மாதம் 10 டாலராக இருந்தது, 2025 ஏப்ரலில் 14 ஆனது. ஆப்பரேட்டர்களுக்குக் கம்பெனி மின்னஞ்சலே கிடையாது. ஆக, லைனில் நிற்கிறவர்தான் அந்த அறிக்கையின் ஒவ்வொரு வரியையும் உண்டாக்குகிறார், அதைத் திறக்க முடியாதவரும் அவர் ஒருவர்தான். யாரும் திட்டம் போட்டு அவரை ஒதுக்கவில்லை. செலவுப் பட்டியலில் அவர் பெயர் வரவில்லை.

தொழில்நுட்பம் இதற்குத் தடையே இல்லை. யார் எந்த வரியைப் பார்க்கலாம் என்று விதி எழுதும் வசதி இந்தக் கருவிகளிலேயே இருக்கிறது. ஒரு மேலாளர் தன் பிரிவை மட்டும் பார்க்கும்படி நாங்கள் தினமும் செய்கிறோம். அதே விதியை வைத்து, உணவகத்துப் பக்கத்தில் ஒரு கணினியைப் போட்டு, ஆப்பரேட்டர் தன் அட்டையைத் தட்டித் தன் வரியை மட்டும் பார்க்கச் செய்யலாம். பக்கத்தில் ஒரு கட்டம். அதில் அவர் எழுதலாம், தமிழிலோ மலாயிலோ நேப்பாளியிலோ. அந்தக் கட்டமும் அந்த எண்ணும் எப்போதும் சேர்ந்தே போக வேண்டும். எண்ணை மட்டும் தனியாக எடுத்து யாருக்கும் அனுப்பக் கூடாது.

இதைக் கூட்டத்தில் சொன்னபோது வந்த மறுப்பு, எல்லோரும் சாக்கு எழுதுவார்கள் என்பது. எழுதுவார்கள்தான். ஆனால் ஒரு பிரிவு சிவப்பில் வந்தால் அதன் மேலாளருக்குக் காலைக் கூட்டத்தில் பத்து நிமிடம் தருகிறோம். ஏன் அப்படி ஆனது என்று அவர் ஸ்லைடு போட்டு விளக்குகிறார். அதற்கு ‘மூலக்காரண ஆய்வு’ என்று பெயர். அதையே லைனில் நிற்பவர் சொன்னால் ஏன் சாக்கு என்று பெயர் மாறுகிறது?

கடைசியில் பாதி நடந்தது. அக்காவின் விஷயத்தைக் கேட்ட மேலாளர் பெயர்களைத் தொலைக்காட்சியிலிருந்து எடுக்கச் சொன்னார். இப்போது அங்கே மெஷின் எண் மட்டும். பலருக்கு நிம்மதி. தனியுரிமை காக்கப்பட்டுவிட்டது என்று மனிதவளப் பிரிவும் பாராட்டியது. எனக்கு அந்த நிம்மதி முழுதாக வரவில்லை. ஏனென்றால் பெயர்கள் அழியவில்லை. மேலாளர்கள் பார்க்கும் இன்னொரு பக்கத்துக்குப் போய்விட்டன. திரையில் இருந்தவரை அக்காவுக்குத் தான் சிவப்பு என்றாவது தெரிந்தது. கோபப்பட முடிந்தது, என்னிடம் கேட்க முடிந்தது. இப்போது அவமானம் இல்லை, ஆனால் கேள்வியும் இல்லை. ஊரறியக் காட்டுவது, ஒளித்து வைப்பது என்ற இரண்டை மட்டுமே நாம் யோசிக்கிறோம். மூன்றாவதாக, உரியவருக்கு முதலில் காட்டுவது என்று ஒன்று இருக்கிறது.

அந்தப் பக்கத்தில் அறுபத்துச் சொச்சம் பெயர்கள். சிலருக்குப் போனஸ். நேப்பாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்களுக்கு ஒப்பந்தம் புதுப்பிப்பதா இல்லையா என்பதே அதை வைத்துத்தான். ஆண்டிறுதி மதிப்பீட்டுக்கு மேலாளர்கள் அதைத்தான் திறப்பார்கள். உணவகத்துக் கணினிக்கான கோரிக்கை இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. மெஷினின் வயதைக் காட்டும் ஒரு பத்தியை மட்டும் சேர்க்க அனுமதி கிடைத்திருக்கிறது, சேர்த்துவிட்டேன்.

என்னால் அந்தப் பக்கத்தைத் திறக்க முடிகிறது, அந்த அறுபது பேராலும் முடியாது. அதனால் இப்போதைக்கு, கீழே போகும்போது யாராவது கேட்டால், அவரவர் வரியை மட்டும் கைப்பேசியில் எடுத்து அவருக்கு வாசித்துக் காட்டுகிறேன். இதுவரை யாரும் கூடாது என்று சொல்லவில்லை. சொன்னால், எதற்காகக் கூடாது என்பதை எழுத்தில் தரச் சொல்லிக் கேட்பேன்.