பிள்ளையிடம் அதன் நாளைக் கேளுங்கள்

 

மஃரிபு தொழுதுவிட்டு வீடு திரும்பும் நம்மில் பலர் பிள்ளையிடம் கேட்பவை இரண்டே கேள்விகள்: "தொழுதாயா? படித்தாயா?" பிள்ளை "ம்" என்கிறது. அத்தோடு பேச்சு முடிந்தது. அந்த "ம்" மெய்யா, அடிக்குப் பயந்து சொன்ன பொய்யா என்பதை நாம் அறியோம். பொய்க்கு நாமே வாசலைத் திறந்து வைக்கிறோம் என்பதையும் அறியோம்.

நாயகம் (ஸல்) அவர்கள் சிறுவர்களிடம் பேசிய முறையைப் பாருங்கள். அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூஉமைரிடம் ஒரு சின்னக் குருவி இருந்தது. அந்தக் குருவி என்ன செய்தது என்று அச்சிறுவரிடம் நாயகம் (ஸல்) அவர்கள் அன்போடு விசாரித்ததை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். அகிலத்துக்கே தூதராக வந்தவர்களுக்கு ஒரு குழந்தையின் குருவியைப் பற்றிக் கேட்க நேரம் இருந்தது. நமக்கு இல்லையா?

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள நம் குடும்பங்களின் நிலை தெரிந்ததே. வாப்பாவுக்கு ஒரு வாரம் காலை ஷிப்டு, மறுவாரம் இரவு ஷிப்டு. பிள்ளை விழித்திருக்கையில் அவர் உறங்குகிறார். அவர் வேலைக்குப் புறப்படுகையில் பிள்ளை உறங்குகிறது. வீட்டின் ஒழுங்கு வாரந்தோறும் மாறுகிறது. மாறாதிருப்பது ஐந்து வக்துகளின் வரிசை ஒன்றுதான். பழவேற்காட்டுப் பள்ளிவாசலில் வெயிலின் நிழலால் நேரம் காட்டும் பழைய நிழற்கடிகாரம் உண்டு. நம் முன்னோர் தங்கள் நாளைத் தொழுகையைக் கொண்டே பகுத்து வாழ்ந்தார்கள்.

பிள்ளையும் தன் நாளை அப்படியே சொல்லப் பழகட்டும். "சுபுஹுக்குப் பிறகு ஓதப் போனேன். லுஹர் நேரத்தில் பள்ளிக்கூடத்தில் சாப்பிட்டேன். அஸருக்குப் பிறகு விளையாடினேன்." முன், பின், அப்புறம் என்ற சொற்கள் நாவில் பழகினால்தான் எழுத்திலும் ஒழுங்கு வரும். சூரத்துன் நூரின் 58-ஆம் வசனத்தைப் பாருங்கள். சுபுஹுக்கு முன், நண்பகல் ஓய்வு, இஷாவுக்குப் பின் என மூன்று வேளைகளைக் குறிப்பிட்டு, அந்நேரங்களில் அனுமதி கேட்டே உள்ளே வருமாறு சிறுவரைப் பழக்கச் சொல்கிறான் அல்லாஹ். நாளின் வேளைகளைப் பிள்ளைக்குப் பிரித்துக் காட்டுவது குர்ஆன் காட்டிய வழியே.

எட்டு வயதுக்குள் ஒவ்வொரு குழந்தையும் பொருள் புரிந்து வாசிக்கவும் எழுதவும் வேண்டும் என்ற நோக்கோடு தமிழக அரசு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தை 2022 ஜூன் 13 அன்று தொடங்கியது, நம் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கம் பள்ளியில்தான். பள்ளிக்கூடம் தன் பங்கைச் செய்யட்டும். நம் பங்கு என்ன?

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். நான்கு வயதுப் பிள்ளை தன் நாளைச் சொல்லட்டும்; உம்மா எழுதட்டும். ஆறு வயதில் அதுவே மூன்று வரி எழுதட்டும். எழுத்துப் பிழைக்குக் குட்டாதீர்கள். சரியான சொல்லைக் கீழே எழுதிக் காட்டுங்கள். இரவு ஷிப்டு முடிந்து வரும் வாப்பா அதைப் படித்துவிட்டு, பதிலாக ஒரு வரி எழுதி வைக்கட்டும். பிள்ளை கண் விழித்ததும் அந்த வரியைத் தேடி ஓடும்!

ஒன்றை மறவாதீர்கள். "இன்று சுபுஹு தொழவில்லை, தூங்கிவிட்டேன்" என்று பிள்ளை எழுதினால் கை ஓங்காதீர்கள். உண்மைக்கு அடி விழுந்தால், நாளை அந்த நோட்டில் பொய்தான் எழுதப்படும். "நாளை உன்னை நான் எழுப்புகிறேன்" என்று சொல்லுங்கள், சொன்னபடி எழுப்புங்கள். ஒரு தாய் தம் மகனை, "வா, ஒன்று தருகிறேன்" என்றழைத்தார். என்ன தரப்போகிறாய் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார். ஒன்றும் தராதிருந்தால் அது உம்மீது பொய்யாகப் பதிவாகியிருக்கும் என்று எச்சரித்தார்கள். அபூதாவூதில் வரும் செய்தி இது.

நம் ஒவ்வொரு நாளையும் கிராமுன் காத்திபீன் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். தன் நாளை மறைக்காமல் எழுதப் பழகிய பிள்ளை, அந்த ஏட்டையும் நினைத்து வாழப் பழகும். இன்றிரவே கேட்டுப் பாருங்கள்: "இன்று என்னவெல்லாம் நடந்தது, கண்ணே?" பிறகு நாம் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்போம்.

நம் மக்களை நாவிலும் எழுத்திலும் உண்மையாளர்களாக அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.